ப்ராக்ஸ்மாக்ஸ் கன்டெய்னருக்குள் யூனிஃபை கன்ட்ரோலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி), சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து பார்த்துக்கொள்ள உதவும் மென்பொருள் யூனிஃபை நெட்வொர்க் அப்ளிகேஷன். முன்பு அதன் பெயர் யூனிஃபை கன்ட்ரோலர். இன்றும் பலர் வாயில் கன்ட்ரோலர்தான் வருகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். இதற்கென்று தனிப் பெட்டி வாங்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் மென்பொருள்) சர்வரில் ஒரு எல்எக்ஸ்சி கன்டெய்னர் (தனியாக ஒதுக்கிய சிறிய லினக்ஸ் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவுவதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று இடங்களில் சில வருடங்களாக இப்படித்தான் ஓட்டி வருகிறேன்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. எந்த மோங்கோடிபி (கன்ட்ரோலர் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருள்), எந்த ஐபி, பேக்கப் எங்கே போகிறது என்ற மூன்றையும் முதல் நாளே முடிவு செய்யாமல் விட்டவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். அதனால் அந்த மூன்றைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும்.

கன்டெய்னர் எதற்கு? விஎம் போட்டால் ஆகாதா?

தாராளமாக ஆகும். விஎம் (மெய்நிகர் கணினி) என்பது தனக்கென்று ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), பாவனை வன்பொருள் எல்லாம் கொண்ட முழுக் கணினி. எல்எக்ஸ்சி கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. ஹோஸ்டின் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் சர்வரின்) லினக்ஸ் கெர்னலையே பகிர்ந்துகொண்டு, தனக்கென ஒரு கோப்பு அமைப்பு, தனி நெட்வொர்க், தனிப் பயனர் பட்டியல் என்று ஒதுங்கி வாழும். அதனால் சில விநாடிகளில் எழுந்துவிடும், ரேமும் குறைவாகவே கேட்கும். கன்ட்ரோலர் மாதிரி எப்போதும் ஓடிக்கொண்டு, எப்போதாவது மட்டும் நாம் எட்டிப்பார்க்கும் மென்பொருளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு குறை உண்டு. இரண்டு, மூன்று ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்களைக் கிளஸ்டராக வைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமலே இன்னொரு சர்வருக்கு நகர்த்தலாம். கன்டெய்னரை அப்படி நகர்த்த முடியாது. நிறுத்தி, நகர்த்தி, மறுபடி தொடங்க வேண்டும். கன்ட்ரோலர் ஒரு நிமிடம் இல்லாமல் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் இதை நான் பொருட்படுத்துவதில்லை.

டாக்கரும் இதுவும் ஒன்றுதானே?

அடித்தளத் தொழில்நுட்பம் ஒன்று, பயன்படுத்தும் முறை வேறு. டாக்கர் கன்டெய்னர் ஒரு செயலியை மட்டும் சுமக்கும். எல்எக்ஸ்சி கன்டெய்னர் ஒரு சிறிய டெபியன் அல்லது உபுண்டு கணினி போலவே இருக்கும்: சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவது), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழைவது), ஏபிடி (மென்பொருள் நிறுவுவது) எல்லாம் உள்ளே உண்டு. உள்ளே நுழைந்து வழக்கமான லினக்ஸ் வேலைகளைச் செய்யலாம்.

எல்எக்ஸ்சிக்குள் டாக்கரை நிறுவி, அதற்குள் கன்ட்ரோலரை ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஓடும். ஆனால் டாக்கர் வேண்டுமென்றால் விஎம்முக்குள் வைக்கச் சொல்லித்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணமே பரிந்துரைக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்தால், ஒரு நாள் ஹோஸ்டை அப்டேட் செய்த பிறகு உள்ளே இருப்பது எழவில்லை என்றால் எந்த அடுக்கில் கோளாறு என்று தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க் ஒதுக்கட்டும்?

ஐந்தாறு ஆக்சஸ் பாயின்ட், இரண்டு சுவிட்ச் உள்ள இடத்துக்கு 2 ஜிபி ரேம், 2 கோர், 16 ஜிபி டிஸ்க் போதும். ஜாவா பகுதி மட்டுமே இயல்பாக 1024 எம்பி வரை எடுத்துக்கொள்ளும், மோங்கோடிபிக்குத் தனியாக வேண்டும். 1 ஜிபியில் ஓட்டிப் பார்த்தவர்கள், மென்பொருள் காரணமே தெரியாமல் இரவில் நின்றுவிடுகிறது என்று வருவார்கள். ஹோஸ்டின் லாகைப் பார்த்தால் நினைவகம் போதாமல் கெர்னல் அந்தப் புரோசஸை நிறுத்தியிருப்பது தெரியும்.

கன்டெய்னர் ஓடும்போதே ரேமைக் கூட்டலாம், குறைக்கலாம். டிஸ்க் அப்படியில்லை. பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. அதனால் சிறிதாகத் தொடங்குங்கள்.

எந்த டெம்ப்ளேட்டை எடுப்பது? டெபியனா, உபுண்டுவா?

பலர் டெம்ப்ளேட் (கன்டெய்னருக்கென்று தயாராக இருக்கும் இயங்குதளப் பிரதி) பட்டியலில் எது புதிதோ அதை எடுத்துவிடுகிறார்கள். முதல் தடுமாற்றம் அங்கேதான். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது மோங்கோடிபியின் பதிப்பை. இயங்குதளம் அதற்கு ஏற்றபடி அமையும்.

கன்ட்ரோலர் தன் தரவையெல்லாம் மோங்கோடிபியில் வைக்கிறது. 2018 அக்டோபரில் மோங்கோடிபி தன் உரிமத்தை மாற்றியது. அதன் பிறகு டெபியன் தன் ரெப்போவிலிருந்து (மென்பொருள் களஞ்சியத்திலிருந்து) அதை எடுத்துவிட்டது. ஆகவே இன்றைக்கு டெபியனில் ஏபிடி மூலம் நேரடியாக மோங்கோடிபி கிடைக்காது, அந்த நிறுவனத்தின் ரெப்போவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அந்த ரெப்போவோ ஒவ்வொரு மோங்கோடிபி பதிப்புக்கும் குறிப்பிட்ட சில இயங்குதளங்களைத்தான் ஆதரிக்கிறது.

கன்ட்ரோலர் பக்கமும் வரம்பு உண்டு. நெடுங்காலம் மோங்கோடிபி 3.6 வரை மட்டுமே ஏற்றுக்கொண்டது. கன்ட்ரோலரின் 7.5 பதிப்பிலிருந்து 4.4 வரை, 8.1 பதிப்பிலிருந்து 7.0 வரை என்று அந்த எல்லை உயர்ந்தது. 7.5 முதல் ஜாவா 17 கட்டாயமானது. இவையெல்லாம் ஒத்துப்போகும் சேர்க்கையாக நான் பயன்படுத்துவது டெபியன் 12, மோங்கோடிபி 7.0, ஜாவா 17. உபுண்டு பழகியவர் என்றால் 22.04 எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் 7.0 உண்டு. நீங்கள் போடப்போகும் கன்ட்ரோலர் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் ஜாவா, மோங்கோடிபி வரிகளை மட்டுமாவது படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாம் சரியாக நிறுவினேன், ஆனால் மோங்கோடிபி உடனே செத்துவிடுகிறது. லாகில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று வருகிறது. என்ன தவறு?

உங்கள் மேல் தவறு இல்லை, பிராசஸரில்தான் இருக்கிறது. மோங்கோடிபி 5.0 முதல் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசஸர் வேண்டும். அது இல்லாத பிராசஸரில் தொடங்கிய கணத்திலேயே விழுந்துவிடும். வீட்டு சர்வராகப் பலர் வாங்கி வைத்திருக்கும் மினி பிசிக்களில் இந்தச் சிக்கல் சகஜம். இன்டெல் செலரான் ஜே1900, ஜே4125, என்5105 மூன்றிலுமே ஏவிஎக்ஸ் கிடையாது. பின்னால் வந்த என்100இல் உண்டு.

கன்டெய்னர் ஹோஸ்டின் பிராசஸரை அப்படியே பார்க்கிறது. ஹோஸ்டில் ஏவிஎக்ஸ் இருந்தால் உள்ளேயும் இருக்கும், இல்லையென்றால் எந்த அமைப்பை மாற்றினாலும் வராது. விஎம்மில் கதை வேறு. பிராசஸரில் ஏவிஎக்ஸ் இருந்தும், ப்ராக்ஸ்மாக்ஸ் இயல்பாகத் தரும் சிபியு வகை அதை மறைத்துவிடும். விஎம் அமைப்பில் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் சரியாகிவிடும். விஎம்மில் இதே பிழையோடு இரண்டு நாள் போராடியவர் கன்டெய்னருக்கு மாறியதும் சட்டென்று ஓடியதாகச் சொன்னால், காரணம் இதுதான்.

சரி, பிராசஸரிலேயே இல்லை, என்ன செய்வது? மோங்கோடிபி 4.4க்குப் போகலாம், அதற்கு ஏவிஎக்ஸ் தேவையில்லை. ஆனால் 4.4க்குப் பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.1 நூலகம் வேண்டும், டெபியன் 12இல் அது இல்லை. ஆகவே டெபியன் 11 டெம்ப்ளேட்டில்தான் போட வேண்டும். 4.4க்கான ஆதரவு 2024 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தற்காலிகமாக ஓட்டலாம். புதிதாக ஓர் இடத்தை அமைப்பதானால், ஏவிஎக்ஸ் உள்ள கணினியாகப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

'அன்பிரிவிலேஜ்டு' என்ற டிக்கை எடுத்துவிடட்டுமா?

வேண்டாம், இருக்கட்டும். இந்த மென்பொருளுக்கு ஹோஸ்டின் சிறப்பு அதிகாரம் எதுவும் தேவையில்லை. அன்பிரிவிலேஜ்டு கன்டெய்னரில் உள்ளே ரூட்டாக இருப்பவர் ஹோஸ்டில் 100000 என்ற எண் கொண்ட சாதாரணப் பயனர். உள்ளே எவராவது புகுந்தாலும் சேதம் அங்கேயே நிற்க அதிக வாய்ப்பு.

'நெஸ்டிங்' என்ற தேர்வையும் விட்டுவைக்கவும். டெபியன் 12இல் உள்ள புதிய சிஸ்டம்டி அதை எதிர்பார்க்கிறது. அது இல்லாவிட்டால் எஸ்எஸ்எச்சில் நுழையும்போது அரை நிமிடம் அப்படியே நிற்பது போன்ற விநோதங்கள் வரும்.

நிறுவும் வரிசையைச் சொல்லுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸில் டெபியன் 12 டெம்ப்ளேட்டை இறக்கி, மேலே சொன்ன அளவுகளில் கன்டெய்னரை உருவாக்குங்கள். நெட்வொர்க் பகுதியில் நிலையான ஐபி கொடுங்கள். ஏன் என்று அடுத்து வருகிறது. தொடங்கியதும் உள்ளே போய் முதலில் ஏபிடி அப்டேட், அப்கிரேட். டெம்ப்ளேட் மிகச் சிறியது என்பதால் கர்ல், ஜிபிஜி, சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள். இவை இல்லாமல்தான் ரெப்போ சாவியைச் சேர்க்கும் இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து மோங்கோடிபி 7.0 ரெப்போவின் சாவி, முகவரி. பிறகு யூனிஃபை ரெப்போவின் சாவி, முகவரி. மறுபடி ஏபிடி அப்டேட். அப்புறம் ஜாவா 17, மோங்கோடிபி சர்வர், கடைசியில் யூனிஃபை பேக்கேஜ். இதே வரிசையில் போனால் ஒன்று மற்றொன்றைத் தேடி நிற்காது.

முதல் தொடக்கத்துக்கு இரண்டு நிமிடம் வரை ஆகலாம். உடனே பிரவுசரில் திறக்கவில்லை என்று மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். தரவுத்தளம் முதன்முறை உருவாகும் நேரம் அது, பாதியில் நிறுத்தினால் உண்மையிலேயே கெட்டுப்போகும். கன்டெய்னரின் ஐபியோடு 8443 போர்ட்டைச் சேர்த்து எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தால் சான்றிதழ் எச்சரிக்கை வரும். தானே கையொப்பமிட்ட சான்றிதழ் என்பதால் அப்படி, தாண்டிப் போகலாம்.

முடிந்ததும் ஒரு சின்ன வேலை. மோங்கோடிபி பேக்கேஜை ஏபிடியில் 'ஹோல்ட்' செய்துவிடுங்கள் (தானாக அப்டேட் ஆகாமல் நிறுத்திவையுங்கள்). நான் ஆட்டோ அப்டேட் போட்டிருந்த ஓரிடத்தில் தரவுத்தளம் எதிர்பாராமல் மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போனது.

மோங்கோடி சர்வீஸ் நின்றிருப்பதாகக் காட்டுகிறது. தொடங்கிவிடட்டுமா?

தேவையில்லை. கன்ட்ரோலர் தனக்கென்று ஒரு மோங்கோடி (மோங்கோடிபியின் சர்வர் நிரல்) புரோசஸைத் தானே தொடங்கி 27117 போர்ட்டில் வைத்துக்கொள்ளும். சிஸ்டம்டி காட்டுவது 27017இல் ஓடும் பொதுவான சர்வீஸ். அதைத் தொடங்கினால் யாரும் பயன்படுத்தாத இரண்டாவது தரவுத்தளம் சும்மா ரேமைத் தின்னும்.

ஐபியை ஏன் நிலையாக வைக்கச் சொல்கிறீர்கள்?

ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் கன்ட்ரோலரோடு சேர்ந்ததும் அதன் முகவரியை எழுதி வைத்துக்கொள்ளும். சில விநாடிக்கு ஒரு முறை அந்த முகவரியின் 8080 போர்ட்டைத் தட்டி 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும். பேச்சைத் தொடங்குவது எப்போதும் கருவிதான், கன்ட்ரோலர் காத்திருக்கும். டிஎச்சிபியில் (ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறையில்) கன்டெய்னரின் ஐபி மாறிவிட்டால், அத்தனை கருவிகளும் ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். திரையில் எல்லாமே 'டிஸ்கனெக்டட்'.

இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கி, பழைய ஐபியையே கொடுத்து, பேக்கப்பை மீட்டுவிட்டால் கருவிகளுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. எதையும் தொடாமல் எல்லாம் திரும்ப வந்து சேரும். இந்த வசதிக்காகவே கன்ட்ரோலருக்கு 192.168.1.10 மாதிரி நினைவில் நிற்கும் ஓர் எண்ணை, ரவுட்டரின் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே ஒதுக்கி வைக்கிறேன்.

ஆக்சஸ் பாயின்ட் கன்ட்ரோலரில் தெரியவே மாட்டேன் என்கிறது.

முதலில் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா பாருங்கள். புதிய கருவி யுடிபி 10001 வழியாக அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. கன்டெய்னரின் நெட்வொர்க் ப்ராக்ஸ்மாக்ஸின் வழக்கமான பிரிட்ஜில் (லேனோடு நேரடியாக இணைக்கும் மெய்நிகர் சுவிட்சில்) இணைந்திருந்தால் உங்கள் லேன் முழுவதும் கேட்கும். ஹோஸ்டுக்குள் நேட் (முகவரி மாற்றம்) போட்டு உள்வலையில் ஒளித்து வைத்திருந்தால் கேட்காது.

அடுத்து ப்ராக்ஸ்மாக்ஸின் ஃபயர்வால். கன்டெய்னர் உருவாக்கும்போது நெட்வொர்க் பகுதியில் ஃபயர்வால் டிக் இயல்பாகவே இருக்கும். டேட்டாசென்டர் மட்டத்தில் ஃபயர்வாலை நீங்கள் இயக்காதவரை அதனால் ஒன்றும் ஆகாது. அங்கேயும் கன்டெய்னரின் ஃபயர்வால் தெரிவிலும் இயக்கியிருந்தால் போர்ட்டுகளைத் திறக்க வேண்டும்.

கன்ட்ரோலர் வேறு விலேனில் (ஒரே வலைக்குள் பிரித்த தனிப் பகுதியில்) இருக்கிறது என்றால் மூன்று வழிகள். முதல் வழி டிஎன்எஸ். புதிய கருவி 'யூனிஃபை' என்ற பெயரைத் தானாகவே தேடிப் பார்க்கும். ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்குக் கன்டெய்னரின் ஐபியைக் கொடுத்துவிட்டால் போதும். எளிமையானது என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டாவது, டிஎச்சிபி தெரிவு 43. அதன் மதிப்பு 01, பிறகு 04, பிறகு ஐபியின் நான்கு எண்களும் பதினாறடிமானத்தில். மூன்றாவது, எஸ்எஸ்எச்சில் கருவிக்குள்ளேயே போய் 'செட்-இன்ஃபார்ம்' கட்டளையோடு கன்ட்ரோலரின் முகவரியைக் கொடுப்பது. புதிய கருவிக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே யு, பி, என், டி என்ற நான்கு சிறிய எழுத்துகள்.

ஏற்கெனவே வேறு கன்ட்ரோலரில் சேர்ந்திருந்த கருவி என்றால் அந்தக் கடவுச்சொல் வேலை செய்யாது. பழைய கன்ட்ரோலரின் தள அமைப்பில் இருக்கும் எஸ்எஸ்எச் கடவுச்சொல் வேண்டும், இல்லாவிட்டால் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும்.

'அடாப்டிங்' (கருவியைச் சேர்த்துக்கொள்ளும் நிலை) என்று வந்து திரும்பத் திரும்பத் தோற்றுப்போகிறது என்றால், கன்ட்ரோலர் தவறான முகவரியைக் கருவிக்குச் சொல்கிறதா பாருங்கள். கன்டெய்னருக்கு இரண்டு நெட்வொர்க் இணைப்புகள் கொடுத்திருந்தால் இது நடக்கும். அமைப்புகளில் 'இன்ஃபார்ம் ஹோஸ்ட்' என்ற இடத்தில் சரியான ஐபியை நீங்களே எழுதிவிடுங்கள்.

எந்தெந்த போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும்?

கருவிகளிலிருந்து வருவதற்கு டிசிபி 8080, யுடிபி 3478, யுடிபி 10001. நிர்வாகத் திரைக்கு டிசிபி 8443. விருந்தினர் உள்நுழைவுப் பக்கம் வைத்திருந்தால் 8880, 8843. மொபைல் செயலியின் வேகச் சோதனைக்கு 6789. 27117 உள்ளுக்குள் மட்டும், அதை வெளியே காட்டவே கூடாது.

கன்டெய்னர் நின்றுபோனால் வைஃபை போய்விடுமா?

போகாது. ஆக்சஸ் பாயின்ட் தன் அமைப்பைத் தன்னிடமே வைத்திருக்கும், கன்ட்ரோலர் இல்லாமலே மாதக்கணக்கில் ஓடும். விருந்தினர் உள்நுழைவுப் பக்கம் மட்டும் வராது, அந்த நேரத்துக்கான வரைபடங்களில் இடைவெளி விழும். அதனால் அப்டேட் செய்யவோ ஹோஸ்டை ரீஸ்டார்ட் செய்யவோ நள்ளிரவு வரை காத்திருக்கத் தேவையில்லை.

பேக்கப் எப்படி எடுப்பது? ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் ஒன்றே போதாதா?

இதற்குப் பதில் சொல்லும் முன் என் அனுபவம் ஒன்று. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் 14 ஆக்சஸ் பாயின்ட்டுகள். ப்ராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு இரவும் கன்டெய்னரை முழுதாகப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்ததை வைத்தது அதே எஸ்எஸ்டியில். எஸ்எஸ்டி போனபோது கன்டெய்னர், பேக்கப் இரண்டும் சேர்ந்தே போயின. புதிய கன்ட்ரோலரைப் பழைய கருவிகள் ஏற்றுக்கொள்ளவில்லை, அவற்றின் எஸ்எஸ்எச் கடவுச்சொல்லும் அந்தக் கன்டெய்னருக்குள்தான் இருந்தது. கடைசியில் ஏணியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி, 14 கூரைகள், ஒவ்வொன்றிலும் பத்து விநாடி ரீசெட் பொத்தான். கடவுச்சொல்லை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றுக்குள்ளும் போய் ரீசெட் செய்திருக்கலாம்.

அன்றிலிருந்து நான் செய்வது இது. கன்ட்ரோலரின் அமைப்புகளில் தானியங்கி பேக்கப்பை இயக்குகிறேன். அது யுஎன்எஃப் என்ற நீட்சி கொண்ட சிறிய கோப்பு ஒன்றை உருவாக்கும். வைஃபை பெயர்கள், கடவுச்சொற்கள், கருவிகளின் சாவிகள் எல்லாம் அதில் அடக்கம். பழைய புள்ளிவிவரங்களைச் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் சில எம்பிதான் வரும். அந்தக் கோப்பு கன்டெய்னருக்குள்ளேயே, யூனிஃபையின் தரவுக் கோப்புறையில், பேக்கப் என்ற உட்கோப்புறைக்குள் போய் உட்காரும். அதை வெளியே கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு. ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டில் 'பிசிடி புல்' என்ற கட்டளை கன்டெய்னருக்குள்ளிருந்து ஒரு கோப்பை ஹோஸ்டுக்கு எடுத்துத் தரும். ஹோஸ்டில் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) போட்டு, வாரம் ஒரு முறை கடைசிக் கோப்பை இழுத்து நாஸுக்கு (நெட்வொர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டிக்கு) அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒரு முறை ஒரு பிரதியை என் லேப்டாப்பிலும் வைக்கிறேன்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப்பும் எடுங்கள், வேறு டிஸ்க்குக்கு. ஆனால் அதை மீட்க ப்ராக்ஸ்மாக்ஸ் வேண்டும். யுஎன்எஃப் கோப்பை விண்டோஸ் லேப்டாப்பில் கன்ட்ரோலரை நிறுவிக்கூட மீட்கலாம். நெருக்கடியான நேரத்தில் இது பெரிய வித்தியாசம். ஒரு நிபந்தனை: பழைய பதிப்பில் எடுத்த கோப்பைப் புதிய பதிப்பில் மீட்கலாம், புதியதில் எடுத்ததைப் பழையதில் மீட்க முடியாது.

பேக்கப் கோப்புறையை ஹோஸ்டின் ஒரு கோப்புறையோடு பைண்ட் மவுன்ட் செய்துவிட்டால் (நேரடியாக இணைத்துவிட்டால்) எளிதாக இருக்காதா?

சிலர் அப்படிச் செய்கிறார்கள், நான் கைவிட்டுவிட்டேன். மேலே சொன்ன பயனர் எண் இங்கே குறுக்கே வரும். உள்ளே யூனிஃபை பயனரின் எண் 110 என்றால் ஹோஸ்டில் அவர் 100110. அந்த எண்ணுக்கு ஹோஸ்டின் கோப்புறையில் எழுதும் அனுமதி கொடுக்காவிட்டால் பேக்கப் சத்தமில்லாமல் தோற்கும். அது போதாதென்று, பைண்ட் மவுன்ட் உள்ள கன்டெய்னரில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்க ப்ராக்ஸ்மாக்ஸ் மறுத்துவிடும், அந்தக் கோப்புறையை ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப்பும் சேர்த்துக்கொள்ளாது.

மோங்கோடிபி 3.6லிருந்து 7.0க்கு எப்படி ஏறுவது?

முறைப்படி என்றால் ஒவ்வொரு படியாக: 4.0, 4.2, 4.4, 5.0, 6.0, 7.0. நடுவில் எதையும் தாண்ட முடியாது, ஒவ்வொரு படியிலும் இணக்கப் பதிப்பை மாற்றிவிட்டுத்தான் அடுத்தது. இத்தனைக்கும் இடையில் டெபியன் பதிப்பும் மாற வேண்டியிருக்கும்.

இந்தப் பாதையில் போகாதீர்கள். பழைய கன்டெய்னரில் யுஎன்எஃப் கோப்பை எடுங்கள். டெபியன் 12இல் புதிய கன்டெய்னர் ஒன்றை வேறு ஐபியில் உருவாக்கி, 7.0 போட்டு, நிறுவி முடியுங்கள். பழையதை நிறுத்துங்கள். புதியதற்குப் பழைய ஐபியைக் கொடுங்கள். முதல் திரையில் பேக்கப்பிலிருந்து மீட்கும் தேர்வை எடுத்துக் கோப்பைக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் கருவிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். ஏதாவது பிசகினால் புதியதை நிறுத்திப் பழையதைத் தொடங்கினால் போதும். பழையதை இரண்டு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள். கன்டெய்னரில் ஓட்டுவதால் கிடைக்கும் லாபங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

வழக்கமான சிறு அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் போதும். யூனிஃபை பேக்கேஜும் அப்டேட்டின்போது பேக்கப் இருக்கிறதா என்று கேட்டு நிற்கும். அந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் ஆம் என்று அழுத்திவிடாமல், உண்மையிலேயே பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு கன்ட்ரோலர் எழவில்லை.

முதலில் கன்டெய்னரின் தெரிவுகளில், ஹோஸ்ட் எழும்போது தானாகத் தொடங்கும் அமைப்பு இயங்குகிறதா பாருங்கள். ரவுட்டரையும் ப்ராக்ஸ்மாக்ஸிலேயே ஓட்டுபவர்கள் தொடக்க வரிசையில் அதை 1 என்றும் கன்ட்ரோலரை 2 என்றும் வைத்து, நடுவில் ஒரு நிமிட இடைவெளி கொடுக்கலாம்.

கன்டெய்னர் எழுந்தும் மென்பொருள் எழவில்லை என்றால் மோங்கோடிபி கோப்புகள் பாதியில் அறுந்திருக்கலாம். முதலில் டிஸ்க் நிரம்பவில்லை என்று உறுதி செய்யுங்கள், பாதி நேரம் காரணம் அதுதான். நிரம்பவில்லை என்றால் மோங்கோடியின் ரிப்பேர் வசதி உண்டு, சில சமயம் பலிக்கும். நான் அதில் பத்து நிமிடத்துக்கு மேல் செலவிடுவதில்லை. புதிய கன்டெய்னர், யுஎன்எஃப், முடிந்தது. நிரந்தரத் தீர்வு, ஹோஸ்டுக்கு ஒரு யுபிஎஸ். அது மின்கலம் தீரும் முன் ஹோஸ்டை முறையாக நிறுத்தும்படி இணைத்துவிடுங்கள்.

சுவிட்ச் போர்ட்டின் விலேனை மாற்றினேன், கன்ட்ரோலரே காணாமல் போய்விட்டது!

ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர் செருகியிருக்கும் போர்ட்டையே மாற்றியிருப்பீர்கள். நாம் உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே வெட்டிக்கொண்ட கதை இது. கன்ட்ரோலர் கட்டளையை அனுப்பியது, சுவிட்ச் அதை ஏற்றது, அந்த நொடியே இருவருக்கும் நடுவே வழி அடைபட்டது. திருத்தக் கட்டளை அனுப்பவும் வழியில்லை.

மீள எளிய வழி, சர்வரின் கேபிளைப் பழைய அமைப்பிலேயே இருக்கும் வேறொரு போர்ட்டில் செருகுவது. கன்ட்ரோலர் சுவிட்சைப் பார்த்ததும் தவறைத் திருத்திவிட்டுக் கேபிளைத் திரும்ப மாற்றலாம். இனி நடக்காமலிருக்க, அந்தப் போர்ட்டுக்கு 'ப்ராக்ஸ்மாக்ஸ், தொடாதே' என்று கன்ட்ரோலரில் பெயர் வையுங்கள். நான் சுவிட்சின் மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன்.

வெளியிலிருந்து பார்க்க 8443ஐ இணையத்துக்குத் திறந்துவிடலாமா?

திறக்காதீர்கள். 2021 டிசம்பரில் ஜாவா உலகின் லாக்4ஜே ஓட்டை வெளிவந்தபோது யூனிஃபை கன்ட்ரோலரும் பாதிக்கப்பட்ட மென்பொருள்களில் ஒன்று. உள்நுழைவுத் திரை வெளியே தெரிந்தாலே போதும், கடவுச்சொல் தெரியாமல் உள்ளே வர வழியிருந்தது. வயர்கார்டு விபிஎன் ஒன்றை ரவுட்டரிலோ இன்னொரு சிறிய கன்டெய்னரிலோ வைத்து, அதன் வழியாக வந்து பாருங்கள்.

யூனிஃபை ஓஎஸ் சர்வர் என்று புதிதாக வந்திருக்கிறதே, அதை இதே கன்டெய்னரில் போடலாமா?

2025இல் வந்தது அது. லினக்ஸில் அது பாட்மேன் என்ற கன்டெய்னர் கருவியின் மேல் ஓடுகிறது, நிர்வாகத் திரை 11443 போர்ட்டில். எல்எக்ஸ்சிக்குள் போட்டால் டாக்கருக்குச் சொன்ன அதே இரண்டு அடுக்குப் பிரச்சினை. அதை முயல்வதானால் விஎம் ஒன்றை உருவாக்குங்கள். இங்கே எழுதியிருப்பதெல்லாம் யூனிஃபை பேக்கேஜாக வரும் நெட்வொர்க் அப்ளிகேஷனுக்கு.

லாகில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டுகிறது. என்டிபி (நேரத்தைச் சரிசெய்யும் சேவை) நிறுவட்டுமா?

வேண்டாம். கன்டெய்னருக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, ஹோஸ்டின் கடிகாரம்தான், உள்ளிருந்து அதை மாற்றவும் முடியாது. நேரம் சரியாகவே இருக்கிறது, யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) காட்டுகிறது. கன்டெய்னரின் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, யூனிஃபை சர்வீஸை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தானியங்கி பேக்கப்பின் நேரத்தையும் அதன் பிறகு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஹோஸ்டின் கிரான் வேலை அதற்கு முன்பே ஓடிவிட்டால், முந்தைய நாள் கோப்பைத்தான் எடுத்துக்கொண்டு போகும்.